ஓட்டாஞ்சில்லு மலை

ரோமாபுரிக்கு ஏழு குன்றுகள் என்பார்கள்.
எட்டாவதை யாரும்
பெருமையாகச் சொல்வதில்லை.
அது பூமி பிதுக்கியதல்ல,
தேவர்கள் வைத்ததுமல்ல.
கழுதைகள் சுமந்து ஏற்றியது.

திபர் ஆற்றுத்துறையில்
கப்பல் வந்து நின்றால்
எபகாத்தஸுக்கு மூன்று நாள் காது கேட்காது.
விடிந்ததிலிருந்து சாடி உடைக்கிற சத்தம்.
ஹிஸ்பானியாவின் எண்ணெயைக்
குடித்து ஊறிய, வயிறு பருத்த சாடிகள்.
திராட்சை ரசம் வந்த சாடியைக் கழுவி
வேறெதற்காவது வைத்துக்கொள்ளலாம்.
எண்ணெய்ச் சாடி அப்படியில்லை,
மண்ணுக்குள் போன எண்ணெய்
மண்ணுக்குள்ளேயே கெட்டுப்போகும்.
சிக்கு வாடை ஊரைத் தூக்கும்.
ஆகவே
உடை.
அடுக்கு.
சுண்ணாம்பு தூவு.
அடுத்த கழுதையை ஓட்டி வா.

எபகாத்தஸ் அடிமை.
அந்தப் பெயர்கூட
சந்தையில் வாங்கியவர் வைத்தது.
எழுத்து தெரியாது.
ஆனாலும் உடைக்குமுன்
சாடியின் தோளை ஒருமுறை பார்ப்பான்.
கறுப்பு மையில் சாய்ந்த எழுத்து:
வெறுஞ்சாடி இத்தனை ராத்தல்,
எண்ணெய் இத்தனை ராத்தல்,
அஸ்திகி நகரில் நிறுத்தது,
நிறுத்தவன் ஒப்தாத்தஸ்.
இதெல்லாம் அவனுக்கு வெறும் கிறுக்கல்.
கடைசி எழுத்தின் வாலை மட்டும் தெரியும்.
எலிவால் மாதிரி
நீண்டு, நுனியில் மேலே சுழித்திருக்கும்.
ஆயிரம் சாடிக்கு நடுவிலும்
அடையாளம் சொல்வான்.
இன்னொரு முட்டாள், கடலுக்கு அந்தப் பக்கம்,
வேலை முடிகிற அவசரத்திலும்
வால் வரைகிறான்
என்று நினைத்துச் சிரித்துக்கொள்வான்.

பதினோரு வருடம்.

அதற்குள் ஒரு சக்கரவர்த்தி செத்தார்.
சதுக்கத்துச் சிலையில்
தலையைக் கழற்றி வேறு தலை வைத்தார்கள்.
உடம்பு பழையதுதான்,
கவசம், தொடை, செருப்பு எல்லாம்.
பிறகு அந்தத் தலையும் மாறியது.
துறையில் இருந்தவர்களுக்கு
கழுதைத் தீவனத்தின் விலை மாறியது தெரியும்,
அவ்வளவுதான்.

ஒரு கோடையில் வால் நடுங்கியது.
அடுத்த கோடையில்
சுழிப்பு பாதியில் நின்றது,
மை சொட்டி.
அதற்கடுத்த கப்பலில்
மொட்டையான, ஒழுங்கான,
யாருடையதோ கையெழுத்து.

அன்று கடைசி வரிசையில்
ஒரே ஒரு பழைய சாடி இருந்தது.
கிடங்கில் தங்கி, பிந்தி வந்தது போலும்.
எலிவால்.
எபகாத்தஸ் சுத்தியலைத் தூக்கினான், இறக்கினான்.
மேஸ்திரி கத்தினான்.
உடைக்காமலிருக்க முடியுமா?
உடைத்தான்,
எழுத்தைச் சுற்றி உடைத்தான்,
முட்டையைத் தட்டுவது போல.
கையகலச் சில்லைக் குப்புறக் கவிழ்த்து
அதன்மேல்
ஒரு கை சுண்ணாம்பு கூடுதலாக.

பின்னாளில் ரோம் தன் பளிங்கைத்
தானே சூளையிலிட்டது.
பளிங்கு வெந்தால் சுண்ணாம்பு, அருமையான சுண்ணாம்பு.
நெற்றிகள், மூக்குகள்,
உலகை நோக்கி நீட்டிய விரல்கள்
யார் யார் வீட்டுச் சுவரிலோ வெள்ளையாயின.
ஓட்டாஞ்சில்லை எவன் எரிப்பான்?
அது ஏற்கெனவே வெந்தது.
மலை இருந்தது. புல் முளைத்தது.
அடியில் குடைந்து மதுக்கடை வைத்தார்கள்,
உள்ளே எப்போதும் குளிர்ச்சி.

இந்த செப்டம்பரில்
லோரெத்தானா என்ற ஆய்வாளர்
முழங்காலிட்டு ஒரு சில்லைத் திருப்பினார்.
தூரிகையால் வெள்ளையை ஒதுக்க
ஒப்தாத்தஸ் வெளியே வந்தான்,
வாலும் கூடவே வந்தது.
தராசில் வைத்தார்.
இத்தனை கிராம், இந்தத் தேதி,
கறுப்புப் பேனாவில் கீழே தன் பெயர்.
பழக்கத்தில் மூக்கருகே கொண்டுபோனார்.

எந்த நாற்றமும் இல்லை.

தூவியவன் யாரோ,
வேலை தெரிந்தவன் என்றார்
பக்கத்தில் வாளியோடு நின்ற பையனிடம்.
அவன் காதில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது,
கேட்கவில்லை.